எண்ணும் முன் எண்ணுவோம்: தமிழ்க் கல்வி ஆய்வுகளின் வடிவமைப்பு



1816ஆம் ஆண்டில் இந்த ஜார்ஜ்டவுன் நகரில் பினாங்கு பிரீ ஸ்கூல் தோன்றியது. அங்குத் தொடங்கிய தமிழ் வகுப்பை முதற்புள்ளியாகக் கொண்டு, 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். கொண்டாட்டத்திற்கு உணர்வு போதும். ஆனால், தம் பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றோர் முடிவெடுக்கும்போதும், சிறிய பள்ளி ஒன்றை வேறொன்றோடு இணைப்பதா என்று அதிகாரிகள் முடிவெடுக்கும்போதும் சான்று கேட்கப்படுகிறது. அச்சான்று பழுதுற்றதாயின் அதன் விளைவைச் சுமப்பவர் பிள்ளைகளே. எனவே ஆய்வு முறையியல் என்பது பட்டத்திற்காகப் படித்து மறக்கும் பாடமன்று. எதனை எண்ணுகிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எவ்வாறு கேட்கிறோம், வகுப்பறையில் எவ்வாறு சோதிக்கிறோம் என்னும் நான்கு வினாக்களை இன்று எடுத்துக்கொள்வோம்.

எதனை எண்ணுகிறோம்?

விடுதலை பெற்ற 1957இல் இந்நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூறுக்குச் சற்று மேல். இவ்விரண்டு எண்களை மட்டும் காண்பவர், தமிழ்க் கல்வி தேய்ந்தது என்று உடனே முடிவுகட்டுவார். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும், ஒருசில மாணவரே இருந்த பள்ளிகள் இணைக்கப்பட்டதும் அந்த எண்களுக்குள் மறைந்துள்ளன. பள்ளிகள் குறைந்த அதே காலத்தில், சுமார் ஐம்பதாயிரமாக இருந்த மாணவர் தொகை உயர்ந்து, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஒரு லட்சத்தைக் கடந்தது. அதன் பின்னரே மீண்டும் இறங்கியது. பள்ளியை அலகாகக் கொண்டால் ஒரு கதையும், மாணவரை அலகாகக் கொண்டால் மற்றொரு கதையும் கிடைக்கின்றன.

பெற்றோர் தமிழ்ப்பள்ளியைக் கைவிடுகின்றனரா என்னும் வினாவிற்கு இவ்விரண்டுமே விடையாகா. பள்ளி வயதை எட்டிய தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தனர் என்பதே அதற்குரிய அளவு. பிறப்பு விகிதம் குறைந்தால், ஒரு பெற்றோரும் மனம் மாறாமலேயே முதலாம் ஆண்டு வகுப்பு சுருங்கும்.

இங்கே அடுத்த இடர் எழுகிறது. தமிழ்ப் பிள்ளை என்பவர் யார்? அரசின் பொது அட்டவணைகள் ‘இந்தியர்’ என்றே தொகுக்கின்றன. அத்தொகுப்பில் தெலுங்கரும் மலையாளிகளும் பஞ்சாபியரும் உள்ளனர். தமிழ்ப்பள்ளியில் பயிலும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. பினாங்கிலோ, தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சில தலைமுறைக் கலப்பினால் மலாய்ச் சமூகத்தோடு இணைந்துவிட்டன. ஆகவே, யாரைக் கணக்கில் சேர்த்தோம், யாரை விட்டோம் என்று முதற்பக்கத்திலேயே வரையறுக்காத ஆய்வின் விழுக்காடுகளை நாம் நம்ப இயலாது.

எதனோடு ஒப்பிடுகிறோம்?

இருமொழிப் பிள்ளைகளைப் பற்றிய இரண்டு ஆய்வுகள் இவ்வினாவிற்குச் சிறந்த பாடமாகும். 1923இல் சேயர் என்பார் வேல்சு நாட்டில் ஏறத்தாழ 1400 பிள்ளைகளைச் சோதித்து, நாட்டுப்புறத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்கினர் என்று எழுதினார். நகர்ப்புறப் பிள்ளைகளிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாட்டிற்குக் காரணம் மொழிதானென்றால், அது நகரத்திலும் தோன்றியிருத்தல் வேண்டுமல்லவா? குடும்பத்தின் வாழ்நிலை முறையாகக் கணக்கில் கொள்ளப்படாமையால், அதன் விளைவு மொழியின் மேல் ஏற்றப்பட்டது.

1962இல் மாண்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் ஆகிய இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். வயது, பால், குடும்ப நிலை ஆகியவற்றில் ஒத்தவர்களை ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகளே மேம்பட்டு நின்றனர். நமக்கு மகிழ்ச்சி தரும் முடிவுதான். எனினும், இரு மொழியிலும் சம வல்லமை பெற்றவர்களை மட்டுமே அவர்கள் இருமொழியாளராகத் தெரிந்தெடுத்தனர். இருமொழி அறிவு திறனை வளர்த்ததா, திறனுடைய பிள்ளை இரு மொழியையும் எளிதில் கைக்கொண்டதா என்பதை அவ்வடிவமைப்புப் பிரித்துக் காட்டவில்லை. நமக்கு உவப்பான முடிவையும் உவப்பற்ற முடிவையும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும்.

இதனை நம் நாட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வின் மலாய்மொழி மதிப்பெண்களை வைத்துத் தேசியப் பள்ளியையும் தமிழ்ப்பள்ளியையும் ஒப்பிட்டோர் பலர். ஆனால் இருவகைப் பள்ளிகளுக்கும் மலாய்மொழித் தாள்கள் வெவ்வேறாக இருந்தன. வெவ்வேறு தாள்களில் பெற்ற மதிப்பெண்களை அருகருகே வைத்து உயர்வு தாழ்வு கூறுதல் முறையன்று. நேரிய ஒப்பீடு வேண்டுவோர், வருமானத்திலும் பெற்றோர் கல்வியிலும் பாலர்பள்ளிப் பயிற்சியிலும் ஒத்த பிள்ளைகளைத் தெரிந்து, முதலாம் ஆண்டில் அவர்தம் நிலையை அளந்து, அதே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்தல் வேண்டும்.

எவ்வாறு கேட்கிறோம்?

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், அந்நூலாசிரியர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்து நூல் செய்தார் என்கிறது. தரவு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டே இலக்கணம் தொடங்குகிறது. பேச்சும் எழுத்தும் விலகி நிற்கும் நம் மொழியில் இத்தெளிவு இன்றும் தேவை. எழுத்துத் தேர்வில் பிழை செய்யும் பிள்ளை, பாட்டியிடம் தங்குதடையின்றிப் பேசக்கூடும். எழுத்துத் தமிழை மட்டும் அளந்துவிட்டு, அப்பிள்ளைக்குத் தமிழ் வராது என்று எழுதுதல் தவறு.

‘வீட்டில் எம்மொழி பேசுகிறீர்கள்?’ என்னும் வினா, தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கையால் தமிழில் நீட்டப்பட்டால், பெற்றோர் பலர் ‘தமிழ்’ என்றே குறிப்பர். அது பற்றின் வெளிப்பாடு. பேச்சின் பதிவு அன்று. யார் எம்மொழியை யாரிடம் எப்போது பேசுகின்றனர் என்று 1965இல் ஃபிஷ்மன் எழுப்பிய வினாவே இங்கு வழிகாட்டி. பாட்டியிடம் எம்மொழி, தம்பியிடம் எம்மொழி, பாடத்தைப் பற்றி எம்மொழி, கைப்பேசியில் எம்மொழி என்று பிரித்துக் கேட்டால் உண்மை சிறிது சிறிதாக வெளிப்படும்.

கேட்காமலே அறியும் முறையும் உண்டு. 1962இல் லபோவ், நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில், நான்காம் மாடியில் உள்ள பொருள்களைப் பற்றி விசாரித்து, 264 பணியாளரின் விடையில் ஓர் ஒலி எவ்வாறு ஒலிக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டார். தாம் ஆராயப்படுவதை அறியாமையால் அவர்கள் இயல்பாகப் பேசினர். பினாங்கு லிட்டில் இந்தியாவின் கடைகளில், தமிழில் விலை கேட்டால் எம்மொழியில் விடை வருகிறது என்று இதேபோல் ஆராயலாம். ஆனால் வணிகர் வாடிக்கையாளரின் மொழிக்கு இசைந்து பேசுவர். ஆகவே அவ்விடை கடையின் மொழியைக் காட்டுமேயன்றி, அவர்தம் வீட்டு மொழியைக் காட்டாது. இம்முறையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கையாளுதல் கூடாது. கல்வி அமைச்சின் அனுமதியும் பெற்றோரின் இசைவும் பெற்ற பின்னரே அவர்தம் பேச்சைப் பதிவு செய்யலாம்.

ஆசிரியரின் செயலாய்வு

பயிற்சி ஆசிரியர்களே, உங்களுக்கு மிக அணுக்கமானது செயலாய்வு. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஆறு மாணவரைத் தெரிந்து, புதிய முறையில் எழுத்துப்பிழை நீக்கப் பயிற்றி, மறுபடியும் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் உயர்கிறது, முறை வென்றது என்று எழுதுகிறீர்கள். ஆனால், ஒருநாள் மிகத் தாழ்ந்தவர் மறுநாள் சற்று உயர்தல் இயல்பு. காய்ச்சலோடு தேர்வெழுதிய பிள்ளை நலமுற்றிருக்கும். அதே தாளை இருமுறை எழுதினால் பழக்கமும் உதவும். மூன்று மாதத்தில் பிள்ளை தானாகவும் வளரும்.

ஆண்டிற்கு ஒரே வகுப்புள்ள சிறு பள்ளியில் ஒப்பீட்டுக்கு இணை வகுப்பு இராது. அதற்கும் வழியுண்டு. பயிற்சிக்கு முன்னரே மூன்று நான்கு முறை சோதித்து, இயல்பான ஏற்ற இறக்கத்தை அறிக. மாணவரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி, ஒரு குழுவிற்கு இம்மாதமும் மற்றதற்கு அடுத்த மாதமும் பயிற்றுக. எவரும் இழப்படையார், ஒப்பீடும் கிடைக்கும். ஒத்த கடுமையுள்ள வேறு தாளைப் பயன்படுத்துக. எவர் எக்குழுவினர் என்று அறியாத வேறோர் ஆசிரியர் திருத்தட்டும். ஐவருள் நால்வர் முன்னேறினர் என்று எழுதுக. எண்பது விழுக்காடு என்று எழுதினால், ஐந்து பேரின் செய்தி ஐந்நூறு பேரின் செய்திபோல் தோன்றிவிடும். முன்னேறாத ஒருவரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுக. அடுத்த ஆசிரியருக்குப் பெரிதும் பயன்படுவது அப்பத்தியாகவே இருக்கக்கூடும்.

தமிழுக்குச் சார்பான முடிவே வரவேண்டும் என்னும் விருப்பம் நம் எல்லார்க்கும் உண்டு. அவ்விருப்பம் வினாவைத் தேர்ந்தெடுக்கலாம். விடையைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. சார்பற்ற முடிவை மறைத்து வைக்கும் சமூகத்தின் சார்பான முடிவையும் பிறர் நம்பார். அந்நம்பிக்கையை இழந்தபின், ஒரு பள்ளியைக் காக்க நாம் எடுத்துச்செல்லும் மெய்யான சான்றும் மதிப்பிழந்து நிற்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். மாணவர் சேர்ந்த நாளையும் பெற்றோரின் தொழிலையும் தாங்கிய பழைய சேர்க்கைப் பதிவேடுகள் உங்கள் பள்ளி அலமாரிகளில் இருப்பின், அவற்றைக் கழித்துவிடாதீர்கள். பள்ளி இடம்பெயரும்போதும் இணைக்கப்படும்போதும் முதலில் காணாமற்போகும் தாள்கள் அவை. நாளை ஓர் ஆய்வு மாணவர் நேரிய வினாவொன்றோடு வருவார். அவருக்குத் தரவு அங்கேதான் இருக்கும்.