சீனை அழுத்தும் முன்பு உள்ளே பார்ப்போம்

(ஆதிச்சநல்லூரில் நடந்த மகளிர் குழுக் கூட்டத்தில், மைக் செட் தொழில் செய்யும் எங்கள் குழு சார்பில் பேசியது)



1876-ல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் வந்து தோண்டிய நாளிலிருந்து இந்த ஊர் தாழிக்குப் பேர்போனது. நாங்கள் இன்று பேசப்போவது வேறொரு பானையைப் பற்றி. வில்லுப்பாட்டுக் குடம்!

நாங்கள் கடன் வாங்கி டிஜிட்டல் மிக்சர் வாங்கினோம். எந்த மைக்குக்கு எவ்வளவு சத்தம், எது ஆன், எது ஆஃப் என்பதையெல்லாம் அது மொத்தமாகச் சேமித்து வைக்கும். அதற்குப் பெயர் சீன். மேளத்துக்கு ஒரு சீன், வில்லுக்கு ஒரு சீன், அறிவிப்புக்கு ஒரு சீன். பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும்.

அதில்தான் நாங்கள் ஏமாந்தோம். முந்தின மாதம் சேமித்த வில்லு சீனில் முதல் சேனல் பாடுகிறவருக்கு, மூன்றாவது குடத்துக்கு. ஒரு கொடையில் அவசரத்தில் வயரை மாற்றிச் சொருகிவிட்டோம். சாமக்கொடை நேரம், மேளம் முடிந்ததும் பழைய சீனை அழுத்தினோம். குடம் இடி மாதிரி முழங்குது, பாட்டுக்காரர் வாயசைக்கிறார், சத்தமே இல்லை! கூட்டம் கத்த ஆரம்பிச்சிருச்சு. வாடகையில் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதத் தவணைக்குச் சேமிப்பிலிருந்துதான் எடுத்தோம். தப்பு மிக்சர் மேல் இல்லை, எங்கள் மேல்தான்.

பேங்க் பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோமா? சீனும் அப்படித்தான்.

யமஹா சிஎல், க்யூஎல் வகை மிக்சர்களில் பிரிவ்யூ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் மேடையில் ஓடுகிற சத்தம் அப்படியே ஓடும். சேமித்த சீன் மட்டும் மிக்சரில் தெரியும். அதைத் திருத்தி, திரும்பச் சேமித்துவிட்டு வெளியே வரலாம்.

இரண்டு விஷயம் கவனம். பிரிவ்யூவில் கண்ணால் பார்க்கத்தான் முடியும், அந்த சீன் எப்படிக் கேட்கும் என்பது தெரியாது. அதோடு, அந்த நேரம் மைக் கூவினால் ஃபேடரை இறக்கினாலும் சத்தம் குறையாது. முதலில் பிரிவ்யூவை விட்டு வெளியே வரணும். அதனால் கச்சேரி சூடாக இருக்கும்போது உள்ளே போகாதீங்க.

அந்த வசதி இல்லாத மிக்சர் என்றால் லேப்டாப்பில் திருத்தலாம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32-க்கு எக்ஸ்32-எடிட் என்று இலவச மென்பொருள் உண்டு. மிக்சரோடு இணைக்காமலே சீனைத் திறந்து மாற்றி, பென் டிரைவில் கொண்டுபோகலாம். இணைப்பதானால், எதிலிருந்து எதற்கு நகல் போகிறது என்று பார்த்துச் செய்யுங்க. திசை மாறினால் மிக்சரில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு அழிந்துவிடும்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஒருத்தி வயர் நம்பரை வாசிப்பாள், இன்னொருத்தி சீனில் சரிபார்ப்பாள். திருத்தியதைப் புது நம்பரில் ஊர்ப் பெயரோடு சேமிப்போம், பழையதை அழிக்க மாட்டோம். கூட்டம் வருமுன் ஒவ்வொரு சீனையும் போட்டு, குடத்தைத் தட்டி, பாட்டுக்காரரைப் பாடச் சொல்லிக் கேட்போம்.

கால் மணி நேர வேலைதான். அதில்தான் நம்ம வாடகையும் பேரும் இருக்கு.