போர்க்கால லொறியும் சிக்கனப் புதுப்பிப்பும்

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் பிரித்தானியரின் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் கடலடியிற் கிடக்கின்றது. அந்த யுத்தத்தின் பொருட்டு இலங்கைக்கு வந்த வேறு சில ஊர்திகளோ தரையிலேயே தங்கிவிட்டன. அவைதாம் இராணுவ லொறிகள்.

கனடா நாட்டில் போர்ட், செவ்ரலே ஆகிய இரு பெயர்களிலும் இலட்சக்கணக்கில் இத்தகைய லொறிகள் செய்யப்பட்டன. கட்டையான மூக்கும், வலப்பக்கச் சுக்கானும், தடித்த சட்டமும் உடையவை அவை. போர் முடிந்ததும் வேண்டாதவையென விற்கப்பட்ட இராணுவ லொறிகள் குடிமக்கள் கைக்கு வந்து, மரமும் நெல்லும் சுமந்தன. சிலவற்றின்மீது மரக்கூடு கட்டி, ஆட்களை ஏற்றும் பஸ்களாகவும் ஆக்கினர். அவற்றுள் எஞ்சியவற்றை மீண்டும் ஓடச்செய்ய விரும்புவோர் இன்றும் உளர். ஆனால் அவர்களிற் பலரிடம் ஆசை மிகுதி, பணம் குறைவு. யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதான் என்னும் கதையாக அந்த முயற்சி முடியாதிருக்க வேண்டுமாயின், எதை முதலிற் செய்வது, எதை இறுதியிற் செய்வது என்னும் ஒழுங்கு வேண்டும்.

பணத்தைக் கொடுக்குமுன் பார்க்கவேண்டியது பத்திரம். சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த இலக்கங்கள் பதிவுப் பத்திரத்திலுள்ள இலக்கங்களோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், எவ்வளவு திருத்தினாலும் அந்த லொறியைத் தெருவில் இறக்குதல் அரிது.

அடுத்தது உப்பு. மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகளோடு கூடிய படுவான்கரை. எழுவான்கரையில் நின்ற லொறியைக் கடற்காற்று அரித்திருக்கும். படுவான்கரையில் உழைத்த லொறியின் சட்டத்து மூலைகளில் வயற்சேறு இறுகி, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: நல்ல தண்ணீராற் கழுவி, சேற்றைச் சுரண்டி, வெயிலில் உலர்த்துதல். லொறியை வாவிக்குள் இறக்கிக் கழுவும் எண்ணம் வேண்டாம். கடலோடு கலக்கும் வாவியின் உவர்நீர், தடை உருளைக்குள்ளும் பெயறிங்குகளுக்குள்ளும் புகுந்து, நீக்கவந்த துருவையே வளர்க்கும். கழுவி முடிந்தபின் சிறு சுத்தியலாற் சட்டம் முழுவதையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென ஒலிக்கும் இரும்பு நல்லது. மந்தமாக ஒலிக்குமிடத்தில் துரு உள்ளே தின்றிருக்கக்கூடும். அவ்விடத்தை வெட்டி நீக்கிப் புதுத் தகடு ஒட்டுவதற்கு உள்ளூர் ஒட்டுவேலைக்காரரே போதும்.

ஆனால், பெற்றோல் தாங்கியை மாத்திரம் அவசரப்பட்டு ஒட்டுவேலைக்குக் கொடுத்தல் ஆகாது. பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த தாங்கியிலும் ஆவி தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் அது வெடிகுண்டாகும். அதனை முற்றாகச் சுத்திகரிக்கத் தெரிந்தவரே அதில் நெருப்பு வைத்தல் வேண்டும். அத்தகையவர் கிடையாவிடின், வேறொரு தாங்கியைப் பொருத்துவதே மலிவு.

இனி, உயிரோடு தொடர்புடைய இன்னொரு பகுதி சில்லு. இவ்வகை லொறிகள் பலவற்றின் சில்லு இரண்டு பாதிகளால் ஆனது. அப்பாதிகளை இணைத்துப் பிடிப்பது விளிம்பை அண்டியுள்ள வெளிவட்டச் சுரைகள். சில்லை அச்சோடு பிணைப்பது நடுவிலுள்ள உள்வட்டச் சுரைகள். ரயரிற் காற்று இருக்கும்போது வெளிவட்டச் சுரைகளைக் கழற்றினால், இரு பாதிகளும் பீரங்கிக் குண்டுபோற் சிதறி, குனிந்திருப்பவரின் உயிரைக் குடிக்கும். இவ்வாபத்தை உணர்ந்தே இராணுவத்தார் அச்சுரைகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசினர். பிற்காலத்தில், அழகைக் கருதி ஒரே பச்சை வர்ணத்தை எங்கும் தீட்டியவர்கள் அந்த எச்சரிக்கையை அறியாமலே அழித்துவிட்டனர். எனவே புதுப்பிப்பவர் முதலில் வாங்கவேண்டிய வர்ணம் ஒரு சிறு பேணி சிவப்பு வர்ணமே. காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்னரே அச்சுரைகளிற் கைவைத்தல் வேண்டும்.

தடையும் இதற்குக் குறைந்ததன்று. நான்கு சில்லுகளுக்கும் செல்லும் தடை எண்ணெய் ஒரே சுற்றாக ஓடுகின்றது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளின் தடையும் ஒருங்கே அற்றுப்போகும். ஆகவே பழைய இரும்புக் குழாய்களை ஒட்டிச் சமாளிக்காது முற்றாக மாற்றுதல் வேண்டும். தடை உருளைக்குள் குழி விழுந்திருந்தால் எறிந்துவிட வேண்டியதில்லை. கடைசல் பட்டறையிற் கடைந்து, உள்ளே பித்தளை உறை இட்டுத் தரச்செய்யலாம். றப்பர் கிண்ணங்களைக் கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ உதவா. அவை பட்டால் றப்பர் ஊதிப் பழுதாகிவிடும். சிக்கனம் பிடிக்கவேண்டிய இடங்கள் எத்தனையோ உள. தடை அவற்றுள் ஒன்றன்று.

இவையெல்லாம் செவ்வையான பின்னரே இயந்திரத்துக்கு வருதல் முறை. பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். இயந்திரத்தின் முழக்கத்தைக் கேட்கும் ஆவலில், நிற்பதற்கு வழியில்லாத லொறியை ஓடச்செய்துவிடுகின்றனர். இறுகிப்போன இயந்திரத்தை மற்றொரு லொறியாற் கட்டியிழுத்துத் திருப்ப முயல்வதும் தவறு. உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றி, சில நாட்கள் பொறுத்திருந்து, கைப்பிடியால் மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். இவ்வைத்தியத்துக்கு ஆகும் செலவு சொற்பம்; வேண்டுவது பொறுமை.

செவ்ரலே லொறியின் ஆறு உருளை இயந்திரம் 85 குதிரைவலு உடையது. அதன் தண்டுகளின் அடியில் வெள்ளீயக் கலவை வார்த்த பெயறிங்குகள் உள. சட்டியிலுள்ள எண்ணெயைத் தண்டுகள் அள்ளித் தெளிப்பதனாலேயே அவை நனைகின்றன. எனவே எண்ணெயின் அளவு குறையாதிருத்தல் இன்றியமையாதது. வேகமாக ஓட்டி இதன் உடல்நிலையைச் சோதித்தலும் கூடாது.

இறுதியில் வருவன வர்ணமும், இருக்கையும், மேற்கூடும். பணம் தீர்ந்துவிட்டால் இவை காத்திருக்கலாம். துருத்தடுப்புப் பூச்சுடன் நிற்கும் லொறி அழகற்றதாயினும் அழியாது. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒரு தகரக் கொட்டிலேனும் அமைத்தால், ஆண்டு முழுவதும் செய்த வேலை வீணாகாது.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, பழையதைத் திருத்தி ஓட்டும் கைத்திறனின் மதிப்பை நாடு முழுவதும் உணர்ந்தது. அத்திறன் புத்தகத்தைவிடக் கொல்லுப் பட்டறையிலும் கராச்சிலுமே அதிகம் வாழ்கின்றது. முதிய மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் ஓர் இளைஞன் நின்று வேலை பார்த்தால், லொறியோடு தொழிலும் பிழைக்கும்.

திருத்திய லொறிக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது எஞ்சிய கேள்வி. அதற்குக் கல்லடியிலேயே விடை உண்டு. 1924ஆம் ஆண்டில் எழுந்த பழைய பாலம், 2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்படும்வரை வாகனங்கள் அனைத்தையும் சுமந்தது. இன்று அது இடிக்கப்படாமலும், பாரம் ஏற்றப்படாமலும், நடந்து செல்வோருக்கு வழிவிட்டு நிற்கின்றது. போர்க்கால லொறிக்கும் அவ்வளவே தகும். அது நெல்மூட்டைகளை மலைபோற் சுமக்க வேண்டியதில்லை. ஏறியவரைப் பத்திரமாக வீடுசேர்த்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றால் அதுவே போதும்.