மொட்டைமாடி மின்சாரத்தின் அடக்கவிலை



மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வளாகத்துக்கே சூரிய மின்சாரம் வந்துவிட்டது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் என்று வீட்டு மாடிகளிலும் சோலார் தகடுகள் ஏறி வருகின்றன. "ஒருமுறை போட்டால் 25 வருஷத்துக்குக் கரண்ட் இலவசம்" என்கிறார்கள். இலவசம் வெயில் மட்டும்தான். மின்சாரத்துக்கு அடக்கவிலை உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 கிலோவாட் அமைப்புக்கு 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற 30,000. கழுவவும் பராமரிக்கவும் ஆண்டுக்கு 2,000. 25 வருஷத்துக்கு மொத்தம் 2,60,000. நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். தகடுகளின் திறன் வருஷா வருஷம் கொஞ்சம் குறையும். அதையும் கழித்து ஆண்டுக்கு 3,900 யூனிட் என்றால், யூனிட் 3 ரூபாய்க்கும் கீழே அடங்குகிறது.

ஆனால் இதில் வட்டி சேரவில்லை. பணம் முழுவதையும் முதல் நாளே போடுகிறோம். மின்சாரமோ 25 வருஷத்தில் சிறுகச் சிறுக வருகிறது. 8 சதவீத வட்டியைச் சேர்த்தால் அதே யூனிட் 5 ரூபாயைத் தாண்டிவிடும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தால் உங்கள் பங்கு சுமார் மூன்றேகால் ரூபாய். மீதி மக்கள் வரிப்பணம்.

கடலோரத்தில் செலவு இன்னும் ஏறும். உப்புக்காற்று தகட்டின் மேல் படலமாகப் படியும். மட்டமான போல்ட் துருப்பிடித்து, தகடுகளைச் சுமக்கும் தாங்கியின் பிடி தளரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட காற்றிலும் தாங்கி அசையாமல் நிற்க வேண்டாமா? தாங்கியில் மிச்சம்பிடித்த பணம் ஒரே புயலில் போய்விடும்.

குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு அரசே மின்சாரத்தை இலவசமாகத் தருகிறது. அங்கே சோலார் மிச்சம் தராது. ஏசி ஓடும் வீட்டுக்கு நல்ல லாபம்.

சோலார் நமக்குத் தேவை. போடுங்கள், ஆனால் கையெழுத்திடும் முன் வட்டி, இன்வெர்ட்டர், துருப்பிடிக்காத தாங்கி மூன்றையும் சேர்த்து, யூனிட்டுக்கு என்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள்.