அடிமைக் காலத்துக்குப் போனவள்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' நாவல் 1979இல் வெளிவந்தது. 1976ஆம் ஆண்டில் வாழும் டானா என்ற கறுப்பினப் பெண், அடிமைமுறை நிலவிய மேரிலாந்துப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். முதலில் ஓர் ஆணை வைத்துத்தான் பட்லர் எழுத முயன்றார். நிமிர்ந்து பேசும் கறுப்பின ஆணை அந்தக் காலம் உயிரோடு விடாது. பெண்ணை அற்பமாக எண்ணி விட்டுவைக்கும். அவள் உடலைக் குறிவைக்கும்.

சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலிலும், மகள் கௌரி பார்ப்பதால்தான் தலித் தலைவரான தந்தையின் வீட்டு ஆதிக்கமும் வெளிப்படுகிறது.

எதிர்த்து நின்றவர்களைக் கொண்டாடுகிறோம். குனிந்தாவது பிள்ளைகளைப் பிழைக்கவைத்த பாட்டிகளை அடங்கிப்போனவர்கள் என்கிறோம். அவர்கள் பிழைத்ததால்தான் இன்று கடையநல்லூரில் கூடியிருக்கிறோம். அவர்கள் பட்ட பாட்டையும் போராட்டம் என்றே எழுதுவோம்.