பத்துக்கு ஆறு: ஒரு தோல் பை



அறுந்த செருப்பு வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு, பேருந்து நிலைய வாசலில் ஒற்றைக் காலில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த இரண்டு நிமிடத்தில் தைப்பவரின் முன்னால் விரிந்து கிடக்கும் சாக்கைக் கவனித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். தோல் சீவும் ரம்பி ஒன்று, குத்தூசி ஒன்று, செருப்பை மாட்டித் தட்ட ஓர் இரும்புக் கால், மெழுகு ஏற்றிய நூல், ஒரு டப்பா சொலூஷன். பட்டறை மொத்தமும் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவர் செருப்பு, கைப்பை, பள்ளிக்கூடப் பை, பெல்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்.

தோல் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் இறங்குகிறார்கள். முப்பது, நாற்பது கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்று முதலில் வீட்டுக்கு வருகிறது. பூ அச்சு, இலை அச்சு, நட்சத்திர அச்சு எல்லாம் அதில் இருக்கும். நல்ல தோல் மட்டும் இருக்காது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பெட்டி பரணில் கிடக்கும்.

கருவிக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியைத் தோலுக்குக் கொடுக்கலாம். முதல் வேலையாக மிகச் சிறிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏ.டி.எம். கார்டு வைக்கும் பை அதற்குப் பொருத்தமானது. பத்து சென்டிமீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டுகள். மூன்று பக்கம் தையல், நீளவாக்கில் ஒரு பக்கம் வாய். வெட்டு, ஒட்டு, துளை, தையல், விளிம்பு என்று தோல் வேலையின் ஐந்து பாடங்களும் அதற்குள் வந்துவிடும்.

ஏன் பத்துக்கு ஆறு? உலகெங்கும் வங்கி கார்டுக்கு ஒரே அளவுதான். நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் ஏறத்தாழ 54. தைக்கும் மூன்று பக்கத்திலும் 4 மில்லிமீட்டர் விட்டால், உள்ளே 92 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் ஆழமும் மிஞ்சும். இரண்டு மூன்று கார்டுகள் சற்று இறுக்கமாக நுழையும். அந்த இறுக்கம் இருக்கட்டும். தோல் பழகப் பழக இளகிக் கொடுக்கும். முதல் நாளே தளர்வாக இருக்கும் பையிலிருந்து மூன்றாம் மாதம் கார்டு நழுவி விழும். பர்ஸ் தைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். இன்றைய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். பழைய 500 ரூபாய் நோட்டு இதைவிடப் பெரியது. ஆகவே, எங்கோ கிடைத்த மாதிரித் தாளை அப்படியே நம்பாமல், கையில் இருக்கும் நோட்டை அளந்துவிட்டு வெட்டுவது நல்லது.

இனி தோல். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு என்று தோல் பதனிடும் ஊர்கள் நம்மிடம் வரிசையாக உண்டு. சென்னையில் பெரியமேட்டுக்குப் போனால், சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டி எத்தனையோ தோல் கடைகள். தோல் அங்கே சதுர அடிக் கணக்கில் விற்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா?

பட்டைத் தோல் என்பது மரப்பட்டைத் துவர்ப்பில் வாரக்கணக்கில் ஊறி உருவாவது. நம் ஊரில் பழைய காலத்தில் அதற்கு ஆவாரம்பட்டைதான். பின்னால் வாட்டில் மரப்பட்டை வந்தது. கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்தால் தோலின் நிறம் வெளிறி நிற்கும், வெயிலில் சிவந்து போவது குறையும். இப்படிப் பதனிட்ட தோலுக்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். கம்பெனிக் காலத்துப் பெயர்தான். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

குரோம் பதனிடல், அதாவது குரோமிய உப்பில் பதனிடுவது, இங்கே வந்த கதை சுவையானது. 1903 வாக்கில், சென்னை ஓவியப் பள்ளியில் இருந்த ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் அதைச் சோதித்துப் பார்த்தார். அவர் மனதில் இருந்தது சீமை பூட்ஸ் அல்ல, நம் கிணற்றில் நீர் இறைக்கும் கமலை. எப்போதும் நனைந்தே கிடக்கும் கமலைத் தோல் சீக்கிரம் அழுகிப்போகும், குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. தாங்கவும் செய்தது. நன்றாகப் பதனிட்ட குரோம் தோலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. பட்டைத் தோல் அந்தச் சூட்டுக்கு முன்பே சுருண்டு விறைத்துவிடும். இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான்.

அப்படியிருக்க, கையால் தைக்கப் பழகுகிறவர் ஏன் பட்டைத் தோலைத் தேட வேண்டும்? அது சொன்னபடி கேட்கும் என்பதால்தான். ஈரமாக்கி வளைத்தால் வளைந்த வடிவத்திலேயே காயும். விளிம்பைத் தேய்த்தால் பளபளக்கும். அச்சை அழுத்தினால் பதியும். குரோம் தோல் மெத்தென்று கைக்கு இதமாக இருக்கும், ஆனால் விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் பிசிறு அடங்காது. அதற்கு விளிம்புச் சாயம்தான் வழி. சாயம் பூசாத பட்டைத் தோலையும் குரோம் தோலையும் அடையாளம் காண்பது எளிது. மேல் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பட்டைத் தோல் அதைக் குடித்துக் கறுக்கும். குரோம் தோலில் பெரும்பாலும் சொட்டு அப்படியே நிற்கும், வெட்டிய முகத்தில் நடுவே நீலச் சாம்பல் கோடும் தெரியலாம்.

கார்டு பைக்கு 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் கனம் போதும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 வேண்டும். ஒரே தோலில் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். வயிற்றுத் தோலில் பெல்ட் வெட்டினால் சில மாதத்தில் இரண்டு துளை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், போட்டவருக்கு இடுப்பு இளைத்ததாக ஒரு சந்தோஷமும் கிடைக்கும்.

வெட்டுவதற்கு எஃகு அளவுகோலும் புதிய பிளேடு மாட்டிய கத்தியும் போதும். ஒரே அழுத்தில் வெட்ட நினைக்கிறவர் கையில்தான் அளவுகோல் நழுவும். மூன்று நான்கு முறை மெல்ல இழுத்தால் கோடு நேராக வரும். கத்தி போகும் பாதையில் விரல் இருக்கக் கூடாது. மொட்டைக் கத்திதான் கையைக் கிழிக்கும், கூரான கத்திக்கு அழுத்தம் தேவையில்லை. முடிதிருத்துபவர்கள் சவரக் கத்தியைத் தோல் பட்டையில் இழுத்துத் தீட்டுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மீந்த தோல் துண்டு ஒன்றைப் பலகையில் ஒட்டி, மெருகுப் பசை தடவி வைத்துக்கொண்டால் வீட்டிலும் அதே வேலை நடக்கும். பையின் மூலைகளை உருட்ட ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போடலாம். கார்டை விரலால் தள்ளி எடுக்க, வாயின் நடுவில் அரைவட்டம் வெட்ட வேண்டும். அதற்குப் பத்து ரூபாய் நாணயம், 27 மில்லிமீட்டர் விட்டம், அளவாகப் பொருந்தும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் செய்கிற ஒரு பிழை உண்டு. இரண்டு துண்டையும் ஒட்டி, தைத்து முடித்துவிட்டு, வாய் விளிம்பைத் தேய்க்க உட்காருவார்கள். அப்போது இரண்டு உதடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், உப்புத்தாள் உள்ளே நுழையாது. வாய்ப்பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றி முடித்த பிறகே மற்ற மூன்று பக்கமும் சேர வேண்டும். ஒட்டுவதற்குச் செருப்புக் கடைச் சொலூஷனே நல்லது. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, ஜன்னலைத் திறந்து வைத்து, பசை விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் வரை பொறுத்திருந்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் வழுக்கும், பிடிக்காது.

அடுத்தது தையல். நேரம் செலவழிக்கத் தக்க இடம் இதுதான்.

தையல் இயந்திரத்தில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று கொக்கியாகப் பிடித்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தால் அடுத்தடுத்த தையலும் கழன்றுகொண்டே வரும். கையால் போடும் சேணத் தையல் வேறு ரகம். நூல் ஒன்று, ஊசி இரண்டு, நூலின் இரு நுனியிலும் ஒவ்வொன்று. ஒவ்வொரு துளைக்குள்ளும் நூல் இரண்டு முறை, எதிரெதிர்த் திசையில் கடந்து போகும். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். குதிரைச் சேணம் ஓட்டத்தில் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் பிறந்த தையல் இது. 1837இல் பாரிஸில் சேணப் பட்டறையாகத் தொடங்கிய எர்மெஸ் நிறுவனம் இன்றும் தன் கைப்பைகளில் இந்தத் தையலைக் கைவிடவில்லை.

நூல் எவ்வளவு வேண்டும்? தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு, கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதலாக. நம் பையின் மூன்று பக்கமும் சேர்த்து சுமார் 20 சென்டிமீட்டர், ஆகவே ஒரு மீட்டர் நூல் எடுத்துக்கொள்ளலாம். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு மூன்று தடவை இழுத்தால் நூல் முறுக்கு அவிழாது, துளையிலும் கவ்விப் பிடிக்கும். விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு, கோட்டில் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. மொத்தம் ஐம்பதுக்கு மேல் வரும். பல் வைத்த துளைக் கருவி இருந்தால் மரச் சுத்தியால் தட்டலாம். இல்லையென்றால் அளவுகோலில் புள்ளி வைத்துக் குத்தூசியால் குத்தலாம், நேரம்தான் கூடும். துளை முன்பே இருப்பதால் ஊசி மொட்டையாக இருப்பதே நல்லது. கூர் ஊசி நூலையும் தோலையும் கிழிக்கும்.

பையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, முதல் துளையில் நூலைப் பாதிக்குப் பாதியாக இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த துளையில் இடக்கை ஊசி முதலில் வலப்பக்கம் வரட்டும். வலக்கை ஊசி அதே துளையில், வந்த நூலுக்குக் கீழாகப் போகட்டும். இரண்டாவது ஊசியை முழுவதும் உருவுமுன் முதல் நூலைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். அசைந்தால் சரி. அசையாவிட்டால் ஊசி நூலைத் துளைத்துவிட்டது என்று பொருள். உருவிவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு இரண்டு கையையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு பலத்தில் அகல விரியுங்கள். இடது முதலில், வலது கீழே. இந்த வரிசை ஐம்பது துளைக்கும் மாறக் கூடாது. நடுவில் ஒன்று மாறினாலும் வரிசையில் சொத்தைப் பல் போல அது தனியாகத் தெரியும். கடைசியில் இரண்டு மூன்று துளை திரும்பித் தைத்து நூலை நறுக்கலாம். பாலியெஸ்டர் நூலாக இருந்தால் நுனியைத் தீக்குச்சியால் லேசாகச் சுட்டு அமுக்கினால் போதும்.

விளிம்பு மெருகு பொறுமைக்கு வேலை. முதலில் கரடான உப்புத்தாள், பிறகு 600 எண் போன்ற மெல்லிய தாள். விரலில் தண்ணீர் தொட்டு ஓரத்தை நனைத்து, கித்தான் துணியாலோ வழவழப்பான மரத்துண்டாலோ வேகமாகத் தேய்க்க வேண்டும். சூடு ஏற ஏற நார்கள் படிந்து, இரண்டு துண்டு என்பதே தெரியாமல் ஒரே கோடாகும். மேலே கொஞ்சம் மெழுகு.

பட்டைத் தோலுக்கு இரும்பு ஆகாது. நனைந்த தோலின் மேல் இரும்பு ஆணியோ கத்தியோ கொஞ்ச நேரம் கிடந்தால் கருநீலக் கறை விழும், எளிதில் அழியாது. தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான். தெரியாமல் நடந்தால் கறை, தெரிந்து செய்தால் சாயம். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய இரும்புக் கம்பி நாரை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிப் பூசினால் பட்டைத் தோல் கண்முன்னே கறுக்கும். ஊறும் பாட்டிலை இறுக மூடக் கூடாது, உள்ளே வாயு சேரும். பூசிய பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். குரோம் தோலில் இந்த வித்தை பலிக்காது.

காயவைப்பது என்றாலே நிழல்தான். மொட்டைமாடி வெயிலும் ஹேர் டிரையரும் தோலை விறைக்க வைக்கும். எண்ணெய் தடவுவதிலும் கை சுருங்க வேண்டும். அதிகம் போனால் தோல் தொளதொளத்துவிடும், ஏறிய எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணிப்பை போதும்.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தக் குத்தூசியைப் பிடித்த கைகளை நம் சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தீட்டென்று ஒதுக்கி வைத்தது. அதே வேலை இன்று நகரத்து வீடுகளில் நாகரிகமான பொழுதுபோக்கு. வீடியோவில் பத்து முறை பார்த்தும் பிடிபடாத ஊசிப் பிடியை, தெருமுனையில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார். போய்க் கேளுங்கள். அவரை ஆசிரியராக நினைத்துக் கேளுங்கள், நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.

முதல் பையைப் பரிசாகக் கொடுத்துவிட வேண்டாம். ஒரு வருடம் உங்கள் சட்டைப்பையிலேயே கிடக்கட்டும். எந்தத் தையல் தளர்ந்தது, எந்த மூலை பிரிந்தது, தோல் எங்கே கறுத்துப் பளபளத்தது என்று பார்த்துவிட்டு இரண்டாவதை வெட்டுங்கள்.