ஐந்தாம் பங்கு



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, பட்டத்தோடு வீட்டுக்குப் போனதும் ஊரில் முதலில் கேட்பது, "சம்பளம் எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கும். விடியுமுன்னே ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய் வேலை பார்த்து உங்களைப் படிக்க வைத்த அம்மாவுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆகவே இன்று பணத்தைப் பற்றியே பேசுகிறேன். மனக்கணக்குக்கு எட்டாத பெரும் பணத்தைப் பற்றி.

திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்தவர் ஷிவ் நாடார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர். பண்ணைப்புரத்துப் பிள்ளை இளையராஜா 'அன்னக்கிளி' மூலம் திரையுலகுக்கு வந்த அதே 1976-இல், ஷிவ் நாடார் நண்பர்களோடு சேர்ந்து எச்.சி.எல். கணினி நிறுவனத்தைத் தொடங்கினார். 2024-ஆம் ஆண்டின் ஹுருன் பட்டியல், அவருடைய குடும்பச் சொத்தை 3.14 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

அந்தத் தொகை எவ்வளவு பெரியது? 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு எதிர்பார்த்த ஓராண்டு வருவாய் வரவு சுமார் 2.99 லட்சம் கோடி. ஒரு குடும்பத்தின் சொத்து அதைவிட அதிகம். இன்னொரு கணக்கும் பார்ப்போம். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கூலிக்கு ஆண்டில் 300 நாள் வேலை கிடைப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பேர், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால்தான் அந்தத் தொகை சேரும்.

இது பெட்டியில் பூட்டிவைத்த ரொக்கம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பகுதி நிறுவனப் பங்குகளின் சந்தை விலை, ஏறும், இறங்கும். மொத்தமாக விற்க வந்தால் விலையே சரிந்துவிடும். ஆனாலும் அந்தப் பங்குகள் தரும் ஈவுத்தொகை உண்மை. நிறுவனத்தின் போக்கைத் தீர்மானிக்கும் அதிகாரமும் உண்மை.

இவ்வளவும் ஒருவரின் திறமையால் மட்டும் வந்ததா? திறமையும் துணிச்சலும் இல்லாமல் வராது. ஆனால் வேறு பலவும் சேர்ந்தன. அந்நிய முதலீட்டுக்கு வரம்பு வைத்த இந்தியச் சட்டத்தை ஏற்காமல் கணினி நிறுவனமான ஐ.பி.எம். 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. உள்நாட்டுக் கணினி நிறுவனங்களுக்குச் சந்தை திறந்தது. பிறகு, ஆயிரமாயிரம் பொறியாளர்களின் இரவு பகல் உழைப்பு.

எல்லாவற்றுக்கும் முந்தையது ஒன்று உண்டு. 1926-இல் கோவை பூளைமேட்டில் கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நால்வரும் குடும்பச் சொத்தைப் பிரித்தார்கள். வாரிசுகள் நான்கு பேர். பங்கு போட்டதோ ஐந்து. அந்த ஐந்தாம் பங்கை அறத்துக்கு எழுதிவைத்தார்கள். அந்தப் பங்கில் உருவான அறநிலையம் 1951-இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில்தான் ஷிவ் நாடார் பொறியியல் படித்தார். யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு குடும்பம் விட்டுக்கொடுத்த பங்கு அவருடைய கோடிகளுக்கு அடியில் இருக்கிறது.

அவரும் அதை மறக்கவில்லை. 1996-இல் களவாக்கத்தில் தந்தையின் பெயரில் கல்லூரி நிறுவினார். 2023-24-இல் மட்டும் 2,153 கோடி ரூபாய் கொடுத்து, நாட்டின் கொடையாளர் பட்டியலில் முதலிடம் பெற்றார். அதை நான் மனமாரப் போற்றுகிறேன். போற்றிக்கொண்டே கணக்கும் போடுகிறேன்: அந்த ஓராண்டுக் கொடை, சொத்தில் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 70 காசு. பூளைமேட்டுச் சகோதரர்கள் வைத்தது நூற்றுக்கு இருபது. கொடையைத் தொகையால் மட்டும் அளந்தால் பணக்காரர்தான் எப்போதும் வெல்வார். விகிதத்தால் அளந்தால், அறுவடைக் காலத்தில் கோயில் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை நெல் கொடுக்கும் சிறு விவசாயியும் முன்வரிசையில் நிற்பார்.

நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்த மரபு உண்டு. உத்தமபாளையத்தில் 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரி நிறுவியதால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பட்டம் படிக்க மதுரைக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைந்தது. படித்த காலத்தில் உங்களில் பல பெண்களின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் வந்தது. அதுவும் ஐந்தாம் பங்குதான். முகம் தெரியாத கோடிக்கணக்கானோர் கட்டிய வரி.

பிள்ளைகளே, பணம் சம்பாதியுங்கள். நேர்மையாக, நிறைய சம்பாதியுங்கள். பெரிய சொத்தைக் கண்டு வாய் பிளக்கவும் வேண்டாம், வயிறு எரியவும் வேண்டாம். அது யார் யார் உழைப்பில் வந்தது, அதிலிருந்து எவ்வளவு திரும்பிப் போகிறது என்று கேளுங்கள். வரியை ஒளிக்காமல் கட்டுங்கள். அந்த வரி பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகிறதா என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

முதல் சம்பளம் வரும்போதே பிறருக்குக் கொடுக்கும் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று முடிவுசெய்துவிடுங்கள். ஐந்தில் ஒன்று முடியாவிட்டால் ஐம்பதில் ஒன்று. அதில் உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம். வருமானம் கூடும்போது தொகை கூடும். விகிதம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்தைக் காத்தவர்கள் என்று உங்களை இந்த ஊர் நாளை சொல்ல வேண்டும். அப்படி வாழ உங்கள் எல்லோரையும் வாழ்த்துகிறேன்.