மேல வெதுவெதுப்பு, கீழ சில்லுனு: மேட்டூர் தண்ணியோட ஒரு வருஷம்



தமிழ்நாட்டுல நியூஸ் பார்க்கிற எல்லாருக்கும் ஒரு நம்பர் பழக்கம். "மேட்டூர் அணையின் இன்றைய நீர்மட்டம்." டெல்டா விவசாயிக்கு அது சோறு. சென்னையிலயோ கோவையிலயோ இருக்கிற நமக்கு அது சும்மா காதுல விழுந்து போற ஒரு வரி. ஆனா லாங் வீக்கெண்ட்ல நாலு பேரு சேர்ந்து "ஏதாவது டேம் பக்கம் போயி ஒரு குளியல் போடலாம்டா"னு கிளம்புறோம்ல, அப்ப அந்த நம்பர் நமக்கும் முக்கியம். இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம். அணைன்னா பெரிய ஏரிதானேன்னு நினைக்கிறோம். இல்ல. ஏரி மெதுவா மாறும். அணையோட ஆழத்தையும் வேகத்தையும் ஷட்டரும், எங்கேயோ பெய்யுற மழையும் முடிவு பண்ணும். 1934இல் கட்டி முடிச்ச மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதே தண்ணி ஒரே வருஷத்துக்குள்ள நாலு வேற வேற தண்ணியா மாறுது.

கோடையில இருந்து ஆரம்பிப்போம். மார்ச்சுல இருந்து மே வரைக்கும் மட்டம் இறங்கிக்கிட்டே போகும். நம்ம சமவெளி அணைகள்ல அப்போ மேல்தண்ணி 30 டிகிரியை ஒட்டி இருக்கும். சர்வதேச திறந்தவெளி நீச்சல் போட்டிகளுக்கு அதிகபட்சம் 31 டிகிரின்னு ஒரு வரம்பு இருக்கு. அதுக்கு மேல போனா வீரர்களுக்கே உடம்பு சூடாகி ஆபத்துன்னு அர்த்தம். ஆக, நம்ம பிரச்சினை குளிர் இல்ல. தண்ணி ரொம்ப சுகமா இருக்கிறதுதான் பிரச்சினை. இறங்கினா ஏற மனசு வராது.

அந்தச் சுகம் மேல மட்டும்தான். சூடான தண்ணி லேசு, மேல மிதக்கும். குளிர்ந்த தண்ணி கனம், கீழ தங்கும். நம்ம ஊர் வெப்பத்துல இந்தப் பிரிவு இன்னும் பலமா இருக்கும். 9 டிகிரி தண்ணிக்கும் 10 டிகிரி தண்ணிக்கும் இருக்கிற அடர்த்தி வித்தியாசத்தைவிட, 29க்கும் 30க்கும் இருக்கிற வித்தியாசம் மூணு மடங்குக்கு மேல. அதனால கொஞ்சம் டிகிரி மாறினாலே அடுக்கு பிரிஞ்சிடும். நெஞ்சு வெதுவெதுப்பா இருக்கும்போதே கால் சில்லுனு ஆகுதுன்னா, நீங்க ஆழத்துக்கு மேல இருக்கீங்கன்னு அர்த்தம்.

கோடையில இன்னொரு விஷயமும் இருக்கு. மட்டம் நல்லா இறங்கினா, பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தோட கோபுரமும் வெளியே தெரியும். அணை கட்டினப்போ மூழ்கிப் போன ஊர்களோட மிச்சம் அது. ரீல்ஸ் எடுக்க அழகான இடம்தான். ஆனா யோசிங்க, கோபுரம் தெரியுதுன்னா, தெரியாத சுவரும் இடிபாடும் தண்ணிக்குள்ள எவ்வளவு இருக்கும்? அங்க தலைகீழா டைவ் அடிக்கிறது கண்ணை மூடிக்கிட்டு மாடியில இருந்து குதிக்கிற மாதிரி. கரையில இருக்கிற வண்டலும் அப்படித்தான். மேல காஞ்சு வெடிச்சிருக்கும், மிதிச்சா முழங்கால் வரைக்கும் இழுக்கும். தண்ணி குறைஞ்சு, சூடாகி, அசையாம நிக்கிற இடத்துல பச்சைப் பாசி படலமா படியும், நாத்தம் அடிக்கும். அந்தத் தண்ணி வாய்க்குள்ள போகவே கூடாது.

அடுத்து ஜூன் 12. பாசனத்துக்கு அணை திறக்கிற வழக்கமான தேதி. அணையில இருந்து தண்ணி மேற்பரப்புலேர்ந்து மட்டும் வர்றதில்ல, கீழ் மதகு வழியாவும் வரும். அதனால வெயில் காலத்துல ஆத்துல வர்ற தண்ணி, அணையோட மேல்தண்ணியைவிட குளிர்ச்சியா இருக்கலாம். காலையில பாறை பாறையா தாண்டிப் போன இடம், மதியம் திரும்பி வரும்போது ஓட்டமா இருக்கும். நடுப்பாறையில உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடறவங்க மாட்டிக்கிறது இப்படித்தான்.

ஜூலை, ஆகஸ்ட்டுதான் ஏமாத்துற காலம். மேட்டூர்ல வெயில் அடிக்கும், வானம் பளிச்சுனு இருக்கும். ஆனா குடகுலயும் வயநாட்டுலயும் மழை கொட்டும். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, ஒகேனக்கல் வழியா வெள்ளம் வந்து சேரும். 2024 ஜூலை தொடக்கத்துல 40 அடியை ஒட்டி இருந்த மட்டம், ஜூலை 30ஆம் தேதி 120 அடி. ஒரு மாசத்துக்குள்ள சுமார் 80 அடி! அப்புறம் 1 லட்சம் கனஅடிக்கு மேல திறந்தாங்க. நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி, செகண்டுக்கு 230ன்னு கணக்கு வச்சுக்கோங்க. அந்தத் தண்ணி கலங்கல். உள்ள மரம் வருதா, கல் இருக்கான்னு எதுவும் தெரியாது. போன மாசம் நின்ன அதே இடம்னு நம்பி இறங்கவே கூடாது.

ஐப்பசிக்கு அப்புறம் நிலைமை அடங்கின மாதிரி இருக்கும். ராத்திரிக் குளிர்ல மேல்தண்ணி ஆறி, கனமாகி, கீழ இறங்கும். அடுக்குகள் கலக்கும். மார்கழி, தை மாசத்துல மேலயும் கீழயும் வெப்பம் கிட்டத்தட்ட ஒண்ணாகும். இறங்கும்போது நடுக்கம், ரெண்டு நிமிஷத்துல பழகிடும். ஆனா அணை நிரம்பியிருக்கும் காலம் இது. கரையில ரெண்டு எட்டு வச்சா, மூணாவது எட்டுக்கு அடி இல்லாமப் போகலாம்.

இதை எல்லாம் ஏன் சொல்றேன்? உலக சுகாதார நிறுவனத்தோட 2024 அறிக்கைப்படி, 2021இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தாங்க. அதுல கிட்டத்தட்ட பாதி 30 வயசுக்குக் கீழ. அதாவது, இந்த எபிசோடைக் கேட்கிற நம்ம வயசு.

அதனால சில விஷயம் மட்டும். நீச்சல் தெரியணும்னா நீச்சல் குளத்துல, கத்துக்கொடுக்க ஆள் வச்சு கத்துக்கோங்க. அணையில "குளிக்கத் தடை"ன்னு போர்டு இருந்தா, அது உங்க என்ஜாய்மென்ட்டைக் கெடுக்க வச்சது இல்ல. அனுமதிச்ச படித்துறையா இருந்தாலும் இறங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி: இன்னைக்கு மட்டம் என்ன? திறப்பு எவ்வளவு? மேல கர்நாடகாவுல மழையா? மூணும் செய்தியிலயே கிடைக்கும். குடிச்சிருந்தா கேள்வியே வேண்டாம், கரையிலயே இருங்க.

யாராவது மூழ்கினா சினிமா மாதிரி "காப்பாத்துங்க"ன்னு கத்த மாட்டாங்க. மூச்சு விடவே முடியாதவங்களால கத்த முடியாது. சத்தமில்லாம, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடலாம். நீங்க குதிச்சா பெரும்பாலும் ரெண்டு பேரும் போவீங்க. துப்பட்டா, வேட்டி, கயிறு, மூடி இறுக்கின காலி வாட்டர் கேன், எது கிடைக்குதோ அதைத் தூக்கிப் போடுங்க. 108க்கு போன் பண்ணுங்க. வெளியே எடுத்ததும் மூச்சு இல்லைன்னா, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க. வாயோட வாய் வச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சை அமுக்குங்க. இதை ஒரு நாள் முறையா கத்துக்கிட்டு டிரிப் கிளம்புங்க.

அடுத்த ட்ரிப் பிளான் பண்ற வாட்ஸ்அப் குரூப்புல இந்த எபிசோடைப் போட்டுடுங்க. கூடவே அன்னைக்கு நீர்மட்டத்தையும் போடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.